கிரகப்பிரவேசத் தேதியைக் கடைசியில் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வீட்டுமனைப் பக்கங்களில் சுவர் வண்ணம், வாசற்கதவு வேலைப்பாடு, சதுரடி விலை, வங்கி வட்டி எல்லாம் வருகின்றன. கட்டும் வேலையை எப்படி நடத்திச் செல்வது என்பது மட்டும் அநேகமாக வருவதில்லை. பெரிய நிறுவனங்கள் இதைத் திட்ட மேலாண்மை என்று தனித் துறையாகவே வைத்து, அதற்கென்று ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. வாழ்நாள் சேமிப்பையும் 20 வருடக் கடனையும் போட்டு ஒரே ஒருமுறை வீடு கட்டும் குடும்பத்துக்கு அதன் அரிச்சுவடிகூடச் சொல்லப்படுவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளம்தான், முழுவதும் வெளியிட இடமில்லை என்றால் கான்கிரீட் பற்றிய பகுதியையாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

எடுத்துக்காட்டாக, சொந்த மனையில் தூண் போட்டுக் கட்டும் 1,000 சதுரடி தரைத்தள வீட்டை வைத்துக்கொள்வோம். பொருளும் கூலியும் சேர்த்துக் காண்ட்ராக்டரிடம் விட்டிருக்கிறோம், மொத்தம் 25 லட்சம் என்றும் கொள்வோம். ஊருக்கு ஊர் விலை மாறும். கீழே வரும் கணக்குக்கு ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளுக்குப் பூமி பூஜை அன்றே, சில சமயம் அதற்கும் முன்பே, கிரகப்பிரவேசத் தேதி பேசப்பட்டுவிடுகிறது. மகளுக்குக் கல்யாணம், மகன் வெளிநாட்டிலிருந்து வரும் விடுமுறை, வாடகை வீட்டைக் காலி செய்யும் கெடு என்று ஏதோ ஒன்று தேதியைத் தீர்மானிக்கிறது. பிறகு வேலையை அந்தத் தேதிக்குள் மடக்கித் திணிக்கிறார்கள். கல்யாணத்துக்கு இது சரிப்பட்டு வரும். முகூர்த்தத்தை முதலில் குறித்துவிட்டு, நாள் குறைவாக இருந்தால் ஆளைக் கூட்டிக்கொள்ளலாம். நான்கு பேர் பத்திரிகை வைப்பதை எட்டுப் பேர் பாதி நாளில் முடிப்பார்கள். வீட்டுக்கு இது நடக்காது. சிமெண்ட் இறுகும் வேகம் ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததல்ல. எனவே நெருக்கடி வரும்போது வெட்டுப்படுவது எப்போதும் ஒரே வகையான நாட்கள்தான்: கான்கிரீட் வலுவேறத் தண்ணீர் காட்டும் நாள், அதைத் தாங்கும் முட்டு நிற்க வேண்டிய நாள், பூச்சு காயும் நாள், குழாயில் கசிவு பார்க்கும் நாள். யாரும் வேலை செய்வதாகக் கண்ணுக்குத் தெரியாத நாட்கள் என்பதால் அவற்றைச் சும்மா கிடக்கும் நாட்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐந்து வருடத்தில் ஒழுகும் வீட்டுக்கும் பெயிண்ட் உரியும் சுவருக்கும் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே தேதி கடைசியில் வர வேண்டும். முதலில் எழுத வேண்டியது வேலையின் எல்லை.

'சதுரடிக்கு 2,500' என்பது எல்லை ஆகாது. சதுரடி எதை வைத்து அளக்கப்படுகிறது? சுவரின் வெளிவிளிம்பு வரையா? மாடிப்படித் தலைப்பும் முன்வராண்டாவும் முழுதாகச் சேருமா, பாதியாகவா? அதற்குப் பிறகு 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு பத்தி. காண்ட்ராக்டர்கள் வழக்கமாக 'இல்லை' பக்கம் வைத்துக்கொண்டு வாயால் சொல்லாமல் விடுபவை இவை: தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், ஆழ்துளைக் கிணறு, மோட்டார், சுற்றுச்சுவர், கேட், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கொட்டும் மண், மின் இணைப்புக்குக் கட்டும் தொகை, முகப்பு அலங்காரம், பாத்ரூம் சாதனங்கள். இவை எல்லாம் சேர்ந்தால் 25 லட்சத்து வீடு 30 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். 'உண்டு' பக்கத்தில் இருப்பவற்றுக்கும் அளவு வேண்டும். 'நல்ல டைல்ஸ்' என்று எழுதினால் சண்டை நிச்சயம். டைல்ஸ் சதுரடி இத்தனை ரூபாய் வரை, ஒரு அறைக்கு இத்தனை மின்முனை, கம்பி இன்ன கம்பெனி, கதவு இன்ன மரம், இன்ன கனம் என்று எழுத வேண்டும். இரண்டு பக்கத்தாள் போதும். இருவரும் கையெழுத்துப் போட்ட இந்தத் தாள்தான் பின்னால் வரும் எல்லாப் பேச்சுக்கும் அடிப்படை.

வரைபடமும் அதே மாதிரிதான். அறை அமைப்பு மட்டும் உள்ள வரைபடத்தோடு குழி தோண்டத் தொடங்கிவிடுகிறார்கள். தூணின் கம்பி விவரம், மின்முனை, தண்ணீர்க் குழாய் வரைபடம் எல்லாம் 'போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்'. இப்படித் தொடங்கியதன் உலகப் புகழ்பெற்ற உதாரணம் சிட்னி ஓபரா ஹவுஸ். கூரையை எப்படிக் கட்டுவது என்ற வடிவமைப்பு முடியும் முன்பே 1959-இல் அடித்தள வேலையைத் தொடங்கினார்கள். கூரையின் எடை தெரிய வந்தபோது, ஏற்கெனவே போட்ட தூண்கள் தாங்காது என்று அவற்றை மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. 1963-இல் திறக்க நினைத்த கட்டடம் 1973-இல்தான் திறந்தது. அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. நம் வீட்டில் அது சமையலறை மேடையை இடித்து மறுபடி கட்டும் அளவில் நடக்கிறது.

எல்லை முடிவானதும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். துண்டு எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த எளிய அளவுகோல்: ஒரு துண்டு இரண்டு வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒரே ஒரு ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும், அது முடிந்ததா இல்லையா என்று மூன்றாம் மனிதர் வந்து பார்த்தாலும் சொல்ல முடிய வேண்டும். 'பாத்ரூம் வேலை' என்பது துண்டு அல்ல. பாத்ரூமின் தாழ்தளத்தில் நீர்க்காப்புப் பூச்சு பூசி, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்தி, பக்கச் சுவரில் ஈரம் வரவில்லை என்று பார்ப்பது ஒரு துண்டு. குழாய் பதித்து, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது இன்னொன்று. 1,000 சதுரடி வீட்டுக்கு இப்படி 50, 60 துண்டுகள் வரும். ஒரு பள்ளி நோட்டில் நான்கு பக்கம்.

அடுத்ததுதான் பலரும் கோட்டை விடும் இடம்: எது முடிந்தால் எது தொடங்கலாம் என்ற வரிசை. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் 'இதற்கு முன் எது முடிந்திருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினாலே பாதித் தொல்லை தீரும். ஆழ்துளைக் கிணறு முதலில். கட்டுவதற்குத் தண்ணீர் அதிலிருந்துதான் வர வேண்டும். அது மட்டுமல்ல, சுவர் எழும்பிய பிறகு கிணறு துளையிடும் வண்டி மனைக்குள் நுழைய வழி இருக்காது. தற்காலிக மின் இணைப்புக்கு அதற்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாசற்கால் நிலை நிறுத்துவது சுவர் கட்டும் கட்டத்தில் வரும். தேக்கு நிலை செய்ய ஆசாரி 20 நாள் கேட்பார். ஆகவே கடைக்கால், அதாவது அஸ்திவாரக் கான்கிரீட் போடும் வாரத்திலேயே மரம் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும். மின்விசிறிக்கான பெட்டியும் மின்குழாயும் ரூஃப் கம்பி கட்டும்போதே உள்ளே போயாக வேண்டும். எலக்ட்ரீஷியனை நிச்சயம் செய்யாமல் ரூஃப் வரை வந்துவிட்டால், பின்னால் தளத்தைக் கொத்த வேண்டியிருக்கும். ஜன்னல் சட்டமும் சுவருக்குள் போகும் குழாய்களும் பூச்சுக்கு முன். மாடியில் தட்டோடு பதிப்பது, மாடி கைப்பிடிச் சுவருக்கும் தண்ணீர்த் தொட்டி மேடைக்கும் பின்.

துண்டுகளை வரிசைப்படுத்தி நாள் போட்டதும் ஒரு உண்மை வெளிப்படும்: எல்லா வேலையும் சமமான அவசரம் கொண்டவை அல்ல. நம் வீட்டுக்கு ஓரளவு நடைமுறைக் கணக்கு இது. குழி தோண்டுவதில் தொடங்கி பேஸ்மென்ட் (வீட்டின் தரை உயரம் வரை எழும் அடிமேடை) மண் நிரப்பும் வரை 35 நாள். சுவர் கட்டி, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல், சன்ஷேடு வரை 18. அதற்கு மேல் சுவர், சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, ரூஃப் கான்கிரீட் சேர்த்து 20. முட்டுப் பிரிக்கும் வரை 14. குழாய்கள் பதித்து உள்ளும் புறமும் பூச 30. பூச்சு நனைந்து, பிறகு நன்றாகக் காய 28. பட்டி, பெயிண்ட், மின்சாதனங்கள், கதவு பொருத்தி ஒப்படைக்க 30. கூட்டினால் 175 நாள்.

டைல்ஸ் எங்கே என்று கேட்கலாம். டைல்ஸ் ஒட்ட 20 நாள் ஆகும்; ஆனால் அது பூச்சு காயும் 28 நாளுக்குள் பக்கவாட்டில் நடந்துவிடும். அதில் 8 நாள் தளர்வு இருக்கிறது. டைல்ஸ் கடைக்காரர் ஒரு வாரம் தாமதித்தாலும் கிரகப்பிரவேசம் தள்ளிப்போகாது. அதே ஒரு வாரம் கம்பி வருவதில் தாமதமானால் முழு ஒரு வாரமும் கடைசி நாளில் போய்ச் சேரும். தளர்வே இல்லாமல் ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட இந்த 175 நாள் சங்கிலியைத்தான் முடிவுப் பாதை (கிரிட்டிகல் பாத்) என்கிறார்கள். 1957-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம், ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து ரசாயன ஆலை வேலைகளுக்காக உருவாக்கிய கணக்கு இது. கணினி தேவையில்லை. கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பட்டை வரைந்து, சங்கிலியில் உள்ளவற்றுக்குச் சிவப்பு மை அடித்தால் போதும். வீட்டுக்காரரின் கோபம், போன், நேரில் போவது எல்லாம் சிவப்புப் பட்டைகளுக்கு மட்டும் செலவாகட்டும். செப்டிக் டேங்குக்கும் சுற்றுச்சுவருக்கும் காண்ட்ராக்டரோடு மல்லுக்கு நிற்பவர்களைப் பார்த்தால், அவை எப்போது வேண்டுமானாலும் நடக்கக்கூடியவை என்று சொல்லத் தோன்றும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: செப்டிக் டேங்க் குழி வீட்டின் கடைக்காலை ஒட்டி, அதைவிட ஆழமாகப் போகக்கூடாது. அப்படி இடம் நெருக்கடியாக இருந்தால் அதைப் பேஸ்மென்ட்டோடு சேர்த்து முடித்துவிடுவது நல்லது.

நாள் கணக்கை யாரிடம் கேட்பது? கொத்தனாரிடம் 'எத்தனை நாள்?' என்று கேட்டால், எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகும் நாளைச் சொல்வார். மூன்று கேள்வியாகக் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால் எத்தனை, வழக்கமாக எத்தனை, ஆள் வராமல் மழையும் பெய்தால் எத்தனை. பூச்சுக்கு 20, 28, 48 என்று சொல்கிறார் என்றால், நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 20, 112, 48 சேர்ந்து 180. ஆறில் ஒரு பங்கு 30. மேலே பூச்சுக்கு 30 போட்டது அப்படித்தான். 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த சூத்திரம், கொத்தனார் வேலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

கணக்கில் வந்த 175 நாளில் ஞாயிறும் பண்டிகையும் மழையும் கிடையாது. அவற்றையும் ஒரு மாதக் கையிருப்பையும் சேர்த்தால் எட்டு மாதம். கையிருப்பு நாட்களை ஒவ்வொரு துண்டிலும் ஐந்து ஐந்தாகப் பிரித்துப் போடாதீர்கள். 35 நாள் இருக்கிறது என்று தெரிந்தால் 30 நாள் வேலை 35 நாளில்தான் முடியும். முழுக் கையிருப்பையும் கடைசியில் ஒரே கட்டாக வைத்து, எந்தத் துண்டு எத்தனை நாளை எடுத்துக்கொண்டது என்று நோட்டில் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

பின்தங்கிவிட்டால் ஆளைக் கூட்டலாமா? செங்கல் வேலைக்குக் கூட்டலாம், பூச்சுக்கும் ஓரளவு கூட்டலாம். இரண்டு அறையில் இரண்டு குழு இடிக்காமல் வேலை செய்யும். கம்பி வேலையில் ஒரு எண்ணிக்கைக்கு மேல் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். காத்திருப்பு நாட்களில் எதையும் குறைக்க முடியாது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 இதற்குத் தெளிவான எண்களைக் கொடுக்கிறது. தூணின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் எடுக்கலாம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திரத்துக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கான எண்கள். இன்று கடையில் பரவலாகக் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. என்னும் கலப்பு சிமெண்ட்; அது முதலில் சற்று மெதுவாகவே வலுவேறும். அதனால் நாளைக் கூட்டலாமே தவிரக் குறைக்கக்கூடாது. தண்ணீர் காட்டுவதும் அப்படியே: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாள், வறண்ட வெயில் காலத்தில் கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் வரை நீட்டப் பரிந்துரை. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தின் மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். தூணுக்குச் சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். 'யாராவது தண்ணீர் ஊற்றுவார்கள்' என்று விட்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். காலையும் மாலையும் இன்னார் என்று நோட்டில் பெயர் இருக்க வேண்டும். ஈரப் பூச்சின் மேல் பட்டி பார்த்தால் என்ன ஆகும் என்பதை முதல் மழைக்காலம் காட்டிக் கொடுத்துவிடும்: பட்டி செதில் செதிலாக உதிரும், உப்புப் பூக்கும்.

மொத்தத் திட்டத்திலும் திருத்தவே முடியாத ஒரு நாள் ரூஃப் கான்கிரீட் நாள். அதற்கு மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். 1,000 சதுரடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உத்திரங்களையும் சேர்த்து 15 கன மீட்டர் என்று கொள்ளலாம். எம்20 என்ற தரக் கலவைக்குக் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட். ஆக 120 மூட்டை. மிக்சரில் ஒரு கலவைக்கு ஒரு மூட்டை, ஒரு கலவைக்கு 4 நிமிடம் என்றால் 480 நிமிடம். நடுவில் எதுவும் நிற்காமல் போனாலே 8 மணி நேரம்! காலை 7 மணிக்குத் தொடங்கினால் மாலை 4 மணிக்குள் முடியும். பூஜை, டிபன், ஆள் வர தாமதம் என்று 10 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பகுதி இருட்டில் போகும். மட்டமும் சரியாக வராது, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரும் சரியாகப் படாது. மிக்சர் நின்று ஒரு மணி நேரம் இடைவெளி விழுந்தால், பழைய கான்கிரீட்டுக்கும் புதியதற்கும் நடுவே ஒட்டாத கோடு ஒன்று உருவாகும். பின்னால் ஒழுகுவது பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான். எனவே வைப்ரேட்டர் இரண்டு, டீசல் கையிருப்பு, மூடுவதற்குத் தார்ப்பாய், நிற்க நேர்ந்தால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று பொறியாளரின் முன்கூட்டிய முடிவு, இவை முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டும்.

பொறியாளர் கம்பியைப் பார்வையிடுவது முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில். கான்கிரீட் நாள் காலை ஆள் எல்லாம் கூலிக்கு வந்து நிற்கும்போது, 'இந்தக் கம்பியைப் பிரித்துக் கட்டுங்கள்' என்று சொல்லும் தைரியம் யாருக்கும் வராது. அவர் பார்க்க வேண்டியவை: தளத்துக் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர், உத்திரத்துக்கு 25 கவர் பிளாக் (கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் கட்டை) இருக்கிறதா (முன்பு தூணுக்கு 40, கடைக்காலுக்கு 50 இருந்திருக்க வேண்டும்), சுவர் மேல் வரும் மேல்கம்பி மிதிபட்டு இறங்கிவிடுமா, மின்விசிறிப் பெட்டி, குழாய் செல்லும் துளை, முட்டுகளின் அடியில் பலகை. ஆலையிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் 6 கன மீட்டர் லாரியில் மூன்று நடை. அப்போது கேள்வி வேறு: லாரி தெருவில் நுழையுமா, மேலே மின்கம்பி குறுக்கிடுமா, பம்ப் எங்கே நிற்கும், வந்த லாரியில் யாரும் தண்ணீர் சேர்க்காமல் யார் பார்ப்பது.

இடைச் சொருகலாக ஒன்று: விலை ஏறும் என்று சிமெண்டை மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வலுவை இழக்கக்கூடும். கம்பியை முன்கூட்டி வாங்கலாம். சிமெண்ட் வாரத் தேவைக்கு.

இடையூறுகளை முன்பே எழுதி வைப்பதும் திட்டத்தின் ஒரு பாகம். நம் நாட்காட்டி அதைப் பெருமளவு எழுதியே வைத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஆவணிக் கடைசியில் தொடங்கினால், சற்றுத் தாமதமானாலும் திறந்த கடைக்கால் குழியில் ஐப்பசி மழை நிற்கும். கரிசல் மண்ணாக இருந்தால் குழியின் ஓரம் சரிந்து, மறுபடி தோண்டி, மண் உறுதியைச் சோதித்த பிறகே தொடர முடியும். தையில் தொடங்கினால் சித்திரைவாக்கில் ரூஃப், வைகாசி, ஆனியில் பூச்சு, மழைக்கு முன் வீட்டுக்கு வெளிப்பூச்சும் பெயிண்டும் முடிந்திருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆள் ஊருக்குப் போனால் ஒரு வாரம் திரும்ப மாட்டார்கள். வெளிமாநிலத் தொழிலாளர்கள் தங்கள் பண்டிகைக்கும் தேர்தலுக்கும் போனால் இன்னும் அதிகம். இவை எதிர்பாராதவை அல்ல. அனுமதி விஷயத்தில் நிலைமை முன்பைவிட எளிது: 2,500 சதுரடி வரையிலான மனையில் 3,500 சதுரடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் தமிழகத்தில் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. அதற்காக விதிப்படி விட வேண்டிய காலியிடத்தை விடாமல் கட்டிவிடலாம் என்று பொருளல்ல. சான்றளித்தவர் நீங்கள் என்பதால் தவறுக்கும் நீங்களே பொறுப்பு.

பணத்துக்கு வருவோம். கட்டம் முடிந்தால் பணம் என்பதுதான் விதி. 'அடுத்த கட்டத்துக்குப் பொருள் வாங்க' என்று முன்பணம் கேட்பது இந்தத் தொழிலின் நோய். ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், பேஸ்மென்ட்டுக்கு 15, லிண்டலுக்கு 15, ரூஃபுக்கு 25, பூச்சுக்கு 15, தரைக்கு 10, ஒப்படைப்புக்கு 5, மீதி 5 ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு என்று பிரித்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். நம் 25 லட்சத்தில் அந்தக் கடைசி 5 சதவீதம் 1.25 லட்சம். ஒழுகும் இடத்தைக் காட்டினால் காண்ட்ராக்டர் போனை எடுப்பது அந்தத் தொகைக்காகத்தான். வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகவே வரும். முதலில் உங்கள் பங்கைச் செலவழிக்கச் சொல்வார்கள், பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பீட்டாளர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சில நாள் இடைவெளிக்குக் கையில் பணம் இல்லாமல் வேலை நிற்கும் வீடுகள் ஏராளம். இது போக, 10 சதவீதம், அதாவது 2.5 லட்சம், யாருக்கும் சொல்லாமல் தனியாக இருக்கட்டும். காண்ட்ராக்டருக்குத் தெரிந்த கையிருப்பு, கையிருப்பாக இருக்காது.

மாதம் ஒருமுறை மூன்று எண்களை அருகருகே எழுதிப் பாருங்கள். அட்டவணைப்படி இன்று வரை முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 12 லட்சம். தளத்தில் உண்மையில் முடிந்த வேலையின் மதிப்பு 8.5 லட்சம். கொடுத்த பணம் 11 லட்சம். முதல் இரண்டும் சொல்வது, வேலை 30 சதவீதம்போல் பின்தங்கியிருக்கிறது. பின் இரண்டும் சொல்வது, 100 ரூபாய் கொடுத்து 77 ரூபாய் வேலை வாங்கியிருக்கிறீர்கள். வீட்டுக்காரர் வழக்கமாகப் பார்ப்பது கொடுத்த பணத்தை மட்டும். '25-இல் 11 ஆயிற்று, கிட்டத்தட்ட பாதி வந்துவிட்டோம்' என்று நினைத்துக்கொள்வார். முடிந்த வேலையின் மதிப்பைக் காண்ட்ராக்டரிடம் கேட்கக்கூடாது. அதற்குத் தனியாக ஒரு பொறியாளரை மாதம் ஒருமுறை வரச் சொல்லிக் கட்டணம் கொடுப்பது, மொத்தச் செலவில் மிகச் சிறு தொகை. அதே நாளில் அவர் கம்பியையும் பார்த்துவிடுவார்.

வாரக் கூட்டத்துக்குச் சனிக்கிழமையைவிட நல்ல நாள் இல்லை. சம்பள நாள், மேஸ்திரி எப்படியும் வந்தாக வேண்டும். பதினைந்து நிமிடம் போதும். சொன்னதில் எது முடிந்தது, அடுத்த வாரம் எது, அதற்கு இன்னும் எது வந்து சேரவில்லை. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை மூன்று வாரம் முன்னோக்கிக் கேட்க வேண்டும், ஆசாரியும் கிரில் பட்டறையும் இரண்டு நாளில் எதையும் தருவதில்லை. தளத்தில் ஒரு நோட்டு: அன்றைக்குக் கொத்தனார் எத்தனை, சித்தாள் எத்தனை, சிமெண்ட் வந்தது எத்தனை மூட்டை, போனது எத்தனை, மழையா வெயிலா. போன மூட்டையும் நடந்த வேலையும் பொருந்தவில்லை என்றால், கலவையில் குறைத்திருக்கிறார்கள் அல்லது மூட்டை வேறு தளத்துக்குப் போயிருக்கிறது.

வீட்டிலிருந்து பேசுவது ஒரு வாயாக இருக்கட்டும். காலையில் அப்பா ஜன்னலை வலப்பக்கம் தள்ளச் சொல்வார், மதியம் அம்மா அலமாரி கேட்பார், மாலையில் மாமா வாஸ்து சொல்வார். மேஸ்திரி மூன்றுக்கும் தலையாட்டுவார். பில் கடைசியில் வரும். குடும்பத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கலாம். தளத்தில் சொல்வது ஒருவர். மாற்றம் வந்தே தீரும், அதைத் தடுக்க வேண்டியதில்லை. மாற்றம் என்ன, எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, எதிர்த்தரப்பிலிருந்து 'சரி' என்று பதில், அதற்குப் பிறகே வேலை. காகிதத்தில் ஜன்னலை நகர்த்துவதற்குச் செலவில்லை. லிண்டல் போட்ட பிறகு நகர்த்தினால் லிண்டலை உடைக்க வேண்டும். பூச்சுக்குப் பிறகு என்றால் பெயிண்ட் வரை எல்லாமே இரட்டைச் செலவு.

முடிக்கும் கட்டத்தை எல்லோரும் அலட்சியமாகக் கடக்கிறார்கள். பூச்சுக்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு டேப்பைப் பிடித்து, மின்குழாயும் தண்ணீர்க்குழாயும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது துளை குழாயில் இறங்காது. ஒப்படைக்கும் முன் ஒரு முழு நாள் அறை அறையாக நடந்து, எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா ஸ்விட்சையும் போட்டு, பாத்ரூமில் வாளித் தண்ணீரைக் கொட்டி அது வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று பார்த்து, குறைகளை எண் போட்டு எழுத வேண்டும். அந்தப் பட்டியல் முடிந்த பிறகு ஒப்படைப்புத் தொகை. டைல்ஸில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பெட்டி மிச்சம் வாங்கி வையுங்கள், அதே நிறம் மறுபடி கிடைக்காது. கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சுக்குப் போவது, தரை முடிந்து, சுவர் காய்ந்து, பெயிண்டர் முதல் கை அடித்த பிறகு. அப்போது மிச்சமிருப்பது மூன்று வாரம். பத்திரிகை வைக்க அது தாராளம். நல்ல நாள் ஆடியிலோ மார்கழியிலோ சிக்கிக்கொண்டால் ஒரு மாதம் வாடகை கூடுதலாகப் போகும். அந்தத் தொகையை, மேலே சொன்ன 2.5 லட்சத்தில் முதலிலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர்கள் சிலர்,
தஞ்சாவூர்.